ஊட்டியில் உறைபனி, டீயில் பூவாசம்: பாலும் சர்க்கரையும் சேர்க்காத ‘ஃப்ராஸ்ட் டீ’யில் அப்படி என்ன இருக்கு?

டிசம்பர் பிறந்துவிட்டால் நீலகிரியில் இருந்து வரும் படங்கள் எல்லாம் ஒரே மாதிரிதான். தலைகுந்தாவில் புல்வெளி வெள்ளை வெளேர் என்று கிடக்கும். ராத்திரி நிறுத்தி வைத்த கார் மேல் பனி படிந்திருக்கும். அதை விரலால் சுரண்டி ரீல்ஸ் போட ஒரு கூட்டம் விடியற்காலையிலேயே நின்றிருக்கும். அரையாண்டு லீவு, கிறிஸ்துமஸ், புத்தாண்டு, அடுத்து பொங்கல் என்று மலைப்பாதை முழுக்க டிராஃபிக். இறங்கி வரும்போது எல்லார் பையிலும் மூன்று ஐட்டம் கட்டாயம்: வர்க்கி, ஹோம்மேட் சாக்லேட், டீத்தூள்.

வர்க்கியையும் சாக்லேட்டையும் விட்டுவிடுவோம். அந்த மூன்றாவது பாக்கெட்டில் இருப்பது பெரும்பாலும் என்ன தெரியுமா? சாக்லேட் டீ, ஏலக்காய் டீ, மசாலா டீ, இல்லையென்றால் நம்ம ஊர் மளிகைக் கடையிலேயே கிடைக்கும் அதே தூள். ஆனால் சுற்றுலாப் பயணிகள் பனியைப் படம் பிடிக்கும் அதே வாரங்களில்தான், பக்கத்துச் சரிவுகளில் வருடத்தின் மிக மணமான இலை பறிக்கப்படுகிறது. வெளிநாட்டு டீ கடைகள் ‘நீலகிரி வின்டர் டீ’, ‘நீலகிரி ஃப்ராஸ்ட் டீ’ என்று தனிப்பெயர் போட்டு விற்கிற சரக்கு அது. 2006-ல் அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் நடந்த ஏலத்தில் ஒரு நீலகிரித் தேயிலை கிலோ 600 டாலருக்குப் போனது. உள்ளூரில் அதைக் குடித்துப் பார்த்தவர்கள் ரொம்பக் குறைவு.

பனி விழுந்தால் இலைக்கு என்ன ஆகும்?

முதலில் ஒரு பூகோள விஷயம். டார்ஜிலிங்கும் அசாமும் வடக்கே இருப்பதால் குளிர்காலத்தில் அங்கே தேயிலைச் செடி தூங்கப் போய்விடும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பறிப்பு கிடையாது. நீலகிரி கிட்டத்தட்ட 11 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. இங்கே செடி முழுசாகத் தூங்காது, அரைத் தூக்கத்தில் இருக்கும். பகலில் நல்ல வெயில். ராத்திரியில் உயரமான பகுதிகளில் பூஜ்யத்தை ஒட்டிய குளிர். கொழுந்து வரும், ஆனால் மெதுவாக வரும்.

அந்த மெதுவில்தான் விஷயம் இருக்கிறது. மழைக்காலத்தில் செடி கிடுகிடு என்று துளிர்க்கும். இலையில் நீர்ச்சத்து ஜாஸ்தி, மணம் கம்மி. குளிரில் மெதுவாக வளரும் சின்ன இலையில் மணம் தரும் பொருட்கள் அடர்த்தியாகச் சேரும். தேயிலையின் மணத்துக்குக் காரணமான பொருட்களில் லினலூல் முக்கியமானது. கொத்தமல்லி விதைக்கு வாசம் தருவதும் அதுதான், மல்லிகையிலும் அது இருக்கிறது. ஜெரானியால் ரோஜாவில் இருப்பது. மெத்தில் சாலிசிலேட் என்று ஒன்று உண்டு. பெயர் புதுசாக இருந்தாலும் வாசனை உங்களுக்குத் தெரியும். ஊட்டிக் கடைகளில் யூகலிப்டஸ் தைலத்துக்குப் பக்கத்தில் விற்கும் விண்டர்கிரீன் தைலத்தில் இருப்பது அதேதான். நல்ல குளிர்காலத் தேயிலையில் பூவாசத்துக்குப் பின்னால் லேசான ‘ஜில்’ தெரிந்தால் அதற்குக் காரணம் இதுவாக இருக்கலாம். (இலங்கையிலும் இதேபோல ஒரு பருவம் இருக்கிறது. நுவரெலியா பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை வரும் தேயிலைக்குத் தனி மவுசு.)

ஆனால் ‘ஃப்ராஸ்ட் டீ’ என்ற பெயர் கொஞ்சம் ஏமாற்றும். உறைபனி நேரடியாக விழுந்த இலையில் டீ செய்ய முடியாது. அது கருகிவிடும். நவம்பரில் முதலில் நீர்ப்பனி, அப்புறம் உறைபனி என்று வரும்போது, பள்ளத்தாக்குகளில் குளிர்காற்று தேங்கும் இடங்களில் ஏக்கர் கணக்கில் செடிகள் தீயில் வாட்டியது போல பழுப்பாகிவிடுவது வருடா வருடம் நடக்கிறது. அதற்குப் பயந்துதான் விவசாயிகள் தாகைச் செடிகளை வெட்டிவந்து தேயிலை மேல் பரப்பி மூடுகிறார்கள். பனி பக்கத்தில் வர வேண்டும், ஆனால் தொடக் கூடாது. அந்தச் சின்ன இடைவெளியில் கிடைக்கும் இலையைத்தான் ‘ஃப்ராஸ்ட் டீ’ என்கிறார்கள். உறைபனி எந்த வருடம் எந்த வாரம் விழும், எந்தச் சரிவைப் பிடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது என்பதால் ஒவ்வொரு வருடமும் அளவும் மாறும், சுவையும் மாறும்.

நம்ம டீக்கடை டீ ஏன் இப்படி இல்லை?

டீக்கடை டீயைக் குறை சொல்ல இங்கே ஒன்றும் இல்லை. அது வேறு வேலைக்காகச் செய்யப்பட்ட பொருள்.

இந்தியாவில் குடிக்கும் டீயில் பெரும்பகுதி சிடிசி வகை. 1930-களில் அசாமில் உருவான முறை இது. பற்கள் உள்ள உருளைகளுக்கு நடுவே இலையைக் கொடுத்து நசுக்கி, கிழித்து, சுருட்டிச் சின்னக் குருணையாக்குவார்கள். இலை நன்றாகக் கிழிபடுவதால் சாறு முழுக்க வெளியே வரும். நிறம் சீக்கிரம் இறங்கும், துவர்ப்பு பலமாக இருக்கும். அரை லிட்டர் பாலையும் நாலு ஸ்பூன் சர்க்கரையையும் தாண்டி டீ என்று ஒன்று நாக்கில் தெரிய வேண்டும் என்றால் இந்த முறைதான் சரி. மாஸ்டர் ‘ஸ்ட்ராங்கா ஒரு டீ’ போடுவதற்கு டஸ்ட் தூளை விடச் சிறந்தது இல்லை.

முழு இலைத் தேயிலைக்கு ‘ஆர்த்தோடக்ஸ்’ என்ற பழைய முறை. பறித்த கொழுந்தைப் பரப்பி 12 முதல் 18 மணி நேரம் வரை காற்றில் வாட்டுவார்கள். பிறகு கிழியாமல் உருட்டுவார்கள். உருட்டும்போது இலையின் செல்கள் உடைந்து, உள்ளே இருக்கும் நொதிகள் காற்றோடு சேர்ந்து வேலை செய்யத் தொடங்கும். வெட்டி வைத்த ஆப்பிளும் வாழைக்காயும் கறுப்பது போலத்தான் இதுவும். இலையில் உள்ள கேட்டகின் என்ற பொருட்கள் தியாஃபிளாவின், தியாருபிகின் என்று மாறும். டீயின் தங்க நிறம் முதலாவதில் இருந்து, செம்பழுப்பு இரண்டாவதில் இருந்து. சரியான நேரத்தில் சூடான காற்றில் உலர்த்தி இதை நிறுத்த வேண்டும். அந்த ‘சரியான நேரம்’ ஆலைக்கு ஆலை மாறும்.

குளிர்காலத் தேயிலையை வழக்கத்தை விட அதிகமாக வாட்டுவது பல ஆலைகளின் பழக்கம். அப்படி உலர்ந்த இலையில் நொதிகள் முழுதாக வேலை செய்ய முடியாது. அதனால் ‘பிளாக் டீ’ என்று எழுதிய பாக்கெட்டைத் திறந்தால் உள்ளே பச்சை, பழுப்பு, ஆங்காங்கே வெள்ளி நிற மொட்டு என்று கலந்து கிடக்கும். ஏமாற்றிவிட்டார்கள் என்று பயப்பட வேண்டாம். அது அப்படித்தான் இருக்கும்.

லேபிளில் என்ன பார்க்கணும்?

டிஜிஎஃப்ஓபி, எஃப்ஓபி, ஓபி, பிஓபி என்று எழுத்துகள் இருக்கும். இவை சுவைக்கான மார்க் இல்லை. இலையின் அளவையும், உடைந்ததா முழுசா, மொட்டு எவ்வளவு என்பதையும் சொல்பவை. ‘ஓபி’ என்றால் ஆரஞ்சு பெக்கோ. ஆரஞ்சுப் பழத்துக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. ‘பெக்கோ’ என்பது கொழுந்தின் மேல் இருக்கும் வெள்ளைப் பூனைமுடியைக் குறிக்கும் சீனச் சொல்லில் இருந்து வந்தது. ‘ஃப்ராஸ்ட்’ என்று இந்தக் கிரேடு பட்டியலில் எதுவும் கிடையாது. யார் வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளலாம் என்பதுதான் சிக்கல்.

அதனால் அந்த ஒரு வார்த்தையை நம்புவதை விட மூன்று விவரம் கேட்பது நல்லது. எந்தத் தோட்டம்? எந்த மாதம் பறித்தது? முழு இலையா, உடைத்ததா? நல்ல சரக்கு விற்பவர் இந்த மூன்றுக்கும் யோசிக்காமல் பதில் சொல்வார். கோரகுந்தா, ஹவுக்கல், பில்லிமலை, க்ளென்டேல் போன்ற பெயர்கள் முழு இலைத் தேயிலை உலகில் தெரிந்தவை. சின்னத் தோட்டங்களும் இப்போது ஆன்லைனில் நேரடியாக விற்கின்றன.

சரி, எப்படி ருசிப்பது?

டீ டேஸ்டர்களுக்கு ஒரு சர்வதேச விதியே இருக்கிறது. ஐஎஸ்ஓ 3103. 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம் தேயிலை, மூடி போட்ட வெள்ளைப் பீங்கான் குவளையில் 6 நிமிடம். இதற்கு மூலமான பிரிட்டிஷ் விதிமுறை ஆறு பக்கத்துக்கு டீ போடுவது எப்படி என்று விளக்கியதற்காக, 1999-ல் அதற்கு ‘இக் நோபல்’ என்ற கிண்டல் விருதே கொடுத்தார்கள். சிரிப்பாக இருந்தாலும் அந்த விதியில் அர்த்தம் உண்டு. 6 நிமிடம் ஊறினால் இலையில் உள்ள குறை எல்லாம் வெளியே வந்துவிடும். டேஸ்டரின் வேலையே குறை கண்டுபிடிப்பதுதானே. வீட்டில் ரசித்துக் குடிக்கப்போகிறவருக்கு 3 நிமிடம் போதும்.

இரண்டு கிராம் எவ்வளவு என்று ஸ்பூனில் கணக்குப் பார்க்காதீர்கள். முழு இலை காற்றோட்டமாகக் கிடக்கும். ஒரு ஸ்பூன் டஸ்ட் தூளின் எடைக்கு இதில் இரண்டு, மூன்று ஸ்பூன் கூட தேவைப்படும். ‘காஸ்ட்லி டீ வாங்கினேன், தண்ணியா இருக்கு’ என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். கிச்சன் தராசு இருந்தால் அதில் வையுங்கள்.

அடுத்து தண்ணீர். இதில்தான் சென்னைவாசிகள் தோற்றுப்போவார்கள். போர்வெல் தண்ணீரில் இருக்கும் கால்சியம், பைகார்பனேட் எல்லாம் டீயின் மேல் எண்ணெய்ப் படலம் போல ஆடை கட்டும். நிறம் மங்கும், மணம் அமுங்கும். பாலில் இது தெரியாது. பிளாக் டீயில் பளிச்சென்று தெரியும். ஒரு தடவை கேன் தண்ணீரிலும் ஒரு தடவை வீட்டுக் குழாய்த் தண்ணீரிலும் ஒரே இலையைப் போட்டுப் பாருங்கள், இரண்டும் வேற வேற டீ மாதிரி இருக்கும்.

சூடும் முக்கியம். கடல் மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். மேலே போகப் போக, சுமார் 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் அது குறையும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே தளதளவென்று கொதிக்கிற தண்ணீரே 92, 93 டிகிரிதான். ஆக, ஊட்டித் தோட்டத்தில் மணக்க மணக்கக் குடித்த டீ சென்னை வீட்டில் கசந்தால் இலையை மட்டும் சந்தேகப்படக் கூடாது. இங்கே கொதித்த தண்ணீரை ஒன்றிரண்டு நிமிடம் ஆறவிட்டு ஊற்றினால் குன்னூர், ஊட்டிக் கணக்குக்குப் பக்கத்தில் வந்துவிடும். முக்கியமாக, இலையை அடுப்பில் போட்டுக் கொதிக்கவிடவே கூடாது. மணம் எல்லாம் ஆவியோடு பக்கத்து வீட்டுக்குப் போய்விடும்.

ஊற்றுவதற்கு முன்பு காய்ந்த இலையை ஒருமுறை முகர்ந்து பாருங்கள். மூன்று நிமிடம் கழித்து வடிகட்டி, ஊறிய சூடான இலையை மறுபடியும் முகருங்கள். அனுபவசாலிகள் டீயை விட இந்த ஈர இலையைத்தான் அதிகம் நம்புகிறார்கள். பூ, பச்சை மாங்காய்த் தோல், தேன், நனைந்த புல், எது தோன்றுகிறதோ அதுதான் சரி. ‘பீச் நோட்ஸ், மஸ்கடெல் நோட்ஸ்’ என்று பாக்கெட்டில் எழுதியிருப்பது உங்களுக்குத் தெரியவில்லை என்றால் பிரச்சினை உங்கள் மூக்கில் இல்லை. பீச் பழம் சாப்பிட்டே வளராதவருக்கு அது எப்படி ஞாபகம் வரும்? கொத்தமல்லி விதை என்றோ, தாழம்பூ என்றோ சொல்லலாமே.

இனி குடிக்கும் முறை. டேஸ்டர்கள் ஒரு ஸ்பூன் எடுத்து ‘ஸ்ஸ்ர்ர்ப்’ என்று சத்தமாக உறிஞ்சுவார்கள். வீட்டில் அப்படிக் குடித்தால் அம்மா திட்டுவார். ஆனால் காரணம் நியாயமானது. காற்றோடு சேர்ந்து தெறிக்கும் டீயின் மணம் தொண்டை வழியாக மூக்கின் பின்பக்கம் ஏறும். நாம் ‘சுவை’ என்று நினைப்பதில் பெரும்பகுதி உண்மையில் மணம்தான். சந்தேகம் என்றால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு வாய் குடியுங்கள். வெறும் சூடும் துவர்ப்பும் மட்டும்தான் மிஞ்சும். விரலை எடுத்தவுடன் பூ வாசம் திடீரென்று வரும்.

துவர்ப்பைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். நல்ல தேயிலையில் துவர்ப்பு இருக்கும், ஆனால் நாக்கைப் பிடித்து இழுக்காது. வாயைச் சுத்தமாக்கிவிட்டு விலகும். நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்தால் வருமே, அதுபோல கடைசியில் ஒரு மெல்லிய இனிப்பு தோன்றினால் நல்ல இலை. சப்பென்று இருந்தால் பழைய சரக்கு. புகை வாடையோ தீய்ந்த வாடையோ வந்தால் உலர்த்தும்போது கோட்டை விட்டிருக்கிறார்கள்.

பாதிக் கப்பை ஆறவிட்டுக் குடித்துப் பாருங்கள். பல பிளாக் டீக்கள் ஆறினால் கலங்கும். தியாஃபிளாவினும் கஃபீனும் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்வதால் வருவது அது. கெட்டுப்போனது என்று அர்த்தம் இல்லை. நீலகிரித் தேயிலை அவ்வளவாகக் கலங்காது. ஐஸ் டீ தயாரிப்பவர்களுக்கு இதைப் பிடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

விலை கட்டுப்படியாகுமா?

உதாரணத்துக்கு 100 கிராம் 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 150 மில்லி கப்புக்கு 3 கிராம் போட்டால் 33 கப். ஒரு கப் 18 ரூபாய்க்கு வருகிறது. அதே இலையில் இரண்டாவது தடவை, கொஞ்சம் கூடுதல் நேரம் ஊறவிட்டு, இன்னொரு கப் எடுக்கலாம். முழு இலைக்கு அது தாங்கும், சில சமயம் இரண்டாவது கப் முதல் கப்பை விட நன்றாகவும் இருக்கும். அப்படிப் பார்த்தால் கப் 9 ரூபாய். ஐ.டி. பார்க் கஃபேயில் டீபேக்கை வெந்நீரில் தொங்கவிட்டுக் கொடுப்பதற்கு வாங்கும் காசை நினைத்தால் இது ஆடம்பரமே இல்லை.

அந்தக் காசு யாருக்குப் போகிறது?

நீலகிரியில் தேயிலை என்றதும் பெரிய எஸ்டேட்தான் நினைவுக்கு வரும். ஆனால் மாவட்டத்தில் பல்லாயிரக்கணக்கானோர் சிறு விவசாயிகள். படுகர் கிராமங்களில் ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர்கள். இவர்கள் டீ தயாரிப்பதில்லை. பச்சைத் தேயிலையைப் பறித்துத் தனியார் ஆலைகளுக்கோ, இன்கோசர்வ் கீழ் இயங்கும் கூட்டுறவு ஆலைகளுக்கோ எடைக்குப் போடுகிறார்கள். ஏல விலையை அடிப்படையாக வைத்து மாதாமாதம் பச்சைத் தேயிலை விலையைத் தேயிலை வாரியம் அறிவிக்கும். அது கட்டுப்படியாகவில்லை, கிலோவுக்கு 30 ரூபாய்க்கு மேல் வேண்டும் என்றுதான் 2023 செப்டம்பரில் விவசாயிகள் உண்ணாவிரதம் இருந்தார்கள். ஒரு கிலோ டீத்தூளுக்குச் சுமார் நாலு, நாலரை கிலோ பச்சை இலை தேவை என்ற கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் இவர்களும் ஃப்ராஸ்ட் டீக்கு மாறலாமே? இங்கேதான் முடிச்சு. முழு இலை டீக்கு ‘இரண்டு இலை, ஒரு மொட்டு’ என்று கையால் கிள்ள வேண்டும். பறிக்க ஆள் கிடைக்காத மலையில் பலரும் கத்தரிக்கும் மெஷினுக்கும் மாறிவிட்டார்கள். அதில் முற்றிய இலையும் காம்பும் சேர்ந்துதான் வரும். கையால் கிள்ளினால் தரம் கூடும், எடை குறையும். கொள்முதல் எடைக்குத்தான் என்றால் தரமாகப் பறிப்பவருக்கு நஷ்டம். பெரும்பாலான ஆலைகளில் இருப்பதும் சிடிசி இயந்திரம். ஜனவரியில் ஒரு சிறு விவசாயியின் தோட்டத்தில் அருமையான மணத்தோடு துளிர்க்கும் கொழுந்து, அதே கத்தரியில் வெட்டுப்பட்டு, அதே மூட்டையில் கட்டப்பட்டு, அதே டஸ்ட் தூளாகத்தான் போய்ச் சேர்கிறது. பனி கருக்கிய செடிக்கான நஷ்டம் மட்டும் அவருடையது. பனி கொடுத்த மணத்துக்கு விலை இல்லை.

இதை உடைக்கச் சில முயற்சிகள் நடக்கின்றன. சின்ன ஆலைகள் பக்கத்துச் சிறு விவசாயிகளிடம் கையால் கிள்ளிய கொழுந்தை மட்டும் கூடுதல் விலைக்கு வாங்கி முழு இலை டீ செய்கின்றன. பாக்கெட்டிலோ இணையதளத்திலோ இலை யாரிடம் இருந்து வருகிறது என்று சொல்லியிருந்தால் கவனியுங்கள். சொல்லியிருக்கவில்லை என்றால் கேட்கலாம், தப்பில்லை.

கடைசியாக டைமிங். ஜனவரியில் கிள்ளிய இலை தரம் பிரித்து, பாக்கெட்டாகிக் கைக்கு வர பிப்ரவரி, மார்ச் ஆகிவிடும். அதனால் புத்தாண்டு ட்ரிப்பில் குன்னூர்க் கடையில் கிடைக்கும் ஃப்ராஸ்ட் டீ பெரும்பாலும் போன குளிர்காலத்துச் சரக்காகத்தான் இருக்கும். காற்றுப் புகாமல் அடைத்திருந்தால் அதுவும் நன்றாகவே இருக்கும், ஆனால் விலையைக் கொஞ்சம் குறைத்துக் கேளுங்கள். வாங்கியதை வெளிச்சம் படாத டப்பாவில் போட்டு, சாம்பார்ப் பொடிக்கும் பெருங்காயத்துக்கும் பக்கத்தில் இல்லாமல் வேறு அலமாரியில் வையுங்கள். தேயிலை பக்கத்தில் இருக்கும் வாசனையை எல்லாம் இழுத்துக்கொள்ளும்.